அழிக்கவா என்று கேட்டால்

ஜெயகௌரியின் வீட்டில் இரவு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும்.

அவளுடைய கணவன் சிவரூபன் கடலால் வந்து, வலையிலிருந்து மீனைக் கழற்றி, ஏலத்தில் விட்டு, கிணற்றடியில் குளித்து, புட்டோ பாணோ இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாயும்போது மயிலிட்டியில் மற்ற எல்லாருக்கும் பொழுது நன்றாக ஏறியிருக்கும். அவள் சன்னல்களைச் சாத்துவாள். பச்சைச் சீலைத் திரைகளை இழுத்துவிடுவாள். அதன் பிறகு அந்த வீட்டில் சட்டி சட்டியோடு முட்டாது. வாசலுக்கு வரும் மரக்கறிக்காரன் மணியடிக்க மாட்டான். மதிலுக்கு மேலால் கையைக் காட்டுவான். அவளும் கையைக் காட்டுவாள். கத்தரிக்காயா பூசணிக்காயா என்பதெல்லாம் விரல்களிலேயே முடிந்துவிடும்.

திரைக்கூடாக வரும் வெளிச்சத்தில் வீட்டுக்குள் எல்லாமே தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலிருக்கும். கதிரைகள், சுவரில் மாட்டிய சாமிப்படங்கள், மூலையில் உறை போர்த்தி நிற்கும் கணினி. அந்த நேரம் அவளுக்குப் பிடிக்கும். ஊரெல்லாம் விழித்திருக்க, தான் மட்டும் இன்னொருவருடைய உறக்கத்துக்குள் நடந்து திரிவதுபோல ஒரு உணர்வு. தூரத்தில் கடல் இரையும். அது சத்தம் என்ற கணக்கில் வராது.

கணினி மகள் மதுராவுடையது. உயர்தரம் படிக்க வாங்கியது. மதுரா மட்டக்களப்புக்குப் பல்கலைக்கழகம் போனபோது மடிக்கணினி ஒன்றுடன் போனாள். இது வீட்டோடு நின்றுவிட்டது. கடற்கரை வீடுகளில் இரும்பென்று எது இருந்தாலும் உப்புக்காற்று தேடி வந்து அதைத் தின்னும். அதனால் பழைய போர்வையை வெட்டி அதற்கொரு உறை தைத்துப் போட்டிருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைபோல அது போர்த்திக்கொண்டு நின்றது.

ஜெயகௌரிக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. கணினியில் முதன்முதலாகக் கைவைத்தது இடம்பெயர்ந்து மல்லாகப் பக்கத்து முகாமில் இருந்தபோது. ஏதோவொரு நிறுவனம் தகரக் கொட்டகைக்குள் வகுப்பு நடத்தியது. வெயிலுக்குத் தகரம் சுடும், திரைகள் அணைந்து அணைந்து வரும், அவள் மட்டும் கடைசிவரை இருந்தாள். பிறகு சுன்னாகத்தில் ஒரு கொமினிக்கேஷன் கடையில் வேலை. வெளிநாட்டுக்குக் கதைக்க வருபவர்களுக்குத் தொலைபேசி போட்டுக் கொடுப்பாள், போட்டோக் கொப்பி அடிப்பாள், விண்ணப்பங்கள் தட்டெழுதுவாள். அவளுடைய விரல்கள் ஓட்டுக்கூரையில் மழை விழுவதுபோல விழும் என்று முதலாளி சொல்வார். எல்லார் கையிலும் ஒவ்வொரு போன் வந்த பிறகு அந்தக் கடையை அவரே ஒரு நாள் பூட்டிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கலியாணவீடுகளில், "நீங்கள் இப்ப என்ன செய்யிறியள்?" என்று யாராவது கேட்டால், "சும்மா வீட்டிலைதான்," என்று சொல்லப் பழகிக்கொண்டாள். விடியப்புறம் கரைக்குப் போய் வலை கழற்றுவது, விலைப்படாத மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைப்பது, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவது, எல்லாமே அந்தச் சும்மாவுக்குள் அடங்கின. மறுத்துச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் ஒரு சின்ன முள் தட்டுப்பட்டது.

ஐப்பசியில் ஒரு வேலை வந்தது.

யாழ்ப்பாண நகரத்தில் மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்று. எந்த மருந்து வந்தது, எது விற்றது, எது காலாவதியாகப் போகிறது என்பதையெல்லாம் தரவுத்தளத்தில் பதிந்து சரிபார்க்க ஓர் ஆள் தேவை. ஜெயகௌரி நேரில் போய்த் தட்டெழுதிக் காட்டினாள். நிறுவனத்தை நடத்தும் துஷாந்தினிக்கு முப்பது வயதுதான் இருக்கும். திரையைப் பார்க்காமல் ஜெயகௌரியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கே இஞ்சை வந்து தொடங்கலாம்."

"நாளாந்தம் வர ஏலாது மிஸ். காலமை வள்ளம் வாற நேரம் நான் கரையிலை நிக்க வேணும்."

"மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ. அப்ப வீட்டிலையிருந்து செய்வியளோ? கொம்பியூட்டர் கிடக்கோ?"

"ஓம். கிடக்கு."

"அதிலை எங்கடை டேற்றாபேஸை நீங்களே போட்டு ஓட விடவேணும். திங்கட்கிழமை காலமை நான் இஞ்சையிருந்து தொடுத்துப் பாப்பன். ஓடினால் வேலை உங்களுக்கு. ஓடாட்டி..." துஷாந்தினி கொஞ்சம் தயங்கினாள். "அச்சுவேலியிலை ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறா. கடைக்காரர் அவசரப்படுகினம், அதாலைதான்."

அங்கே வேலை செய்யும் சயந்தன் என்ற பெடியன் ஒரு பென் டிறைவைக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் அதற்குள் இருக்கிறது, அடுத்தது அடுத்தது என்று அமத்திக்கொண்டு போனால் சரி என்றான். பேருந்தில் வரும்போது அதைக் கைக்குட்டையில் முடிந்து கையிலேயே வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை, சிவரூபன் உறங்கிய பிறகு, உறையைக் கழற்றி மடித்து வைத்தாள். பென்னைச் சொருகினாள். சயந்தன் சொன்னபடியே அமத்திக்கொண்டு போனாள். நீலக்கோடு ஒன்று இடப்பக்கத்தில் முளைத்து வலப்பக்கம் நகரத் தொடங்கியது. அதை அவள் அவசரமில்லாமல் பார்த்திருந்தாள். கடற்கரைப் பெண்களுக்கு அது தெரியும். தூரத்தில் நிற்கும் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசையாது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தால் வேறிடத்தில் நிற்கும். அவள் வெங்காயம் உரித்தாள். பார்த்தாள். பாதி வந்திருந்தது. பூண்டு உரித்தாள். பார்த்தாள்.

காங்கேசன்துறைப் பக்கமாக வானம் ஒருமுறை உறுமியது.

உள்ளறையிலிருந்து சிவரூபன் எழும்பி வந்தான். சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்கள் மூடியபடி, சுவரைத் தடவித் தடவி நடந்து வாசற்கதவடிக்குப் போனான். மெயின் சுவிட்சை இறக்கினான். காற்றாடி பெருமூச்சு விட்டு நின்றது. திரை கறுத்தது. "மின்னுது," என்று சுவருக்குச் சொல்லிவிட்டு, வந்த வழியே தடவிக்கொண்டு போய்ப் படுத்தான்.

பூண்டும் கையுமாக அவள் அப்படியே இருந்தாள். அந்தக் கரையில் முதல் முழக்கத்துக்கே எல்லா வீடுகளிலும் மெயின் இறங்கிவிடும். போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி மின்னலில் கருகியதை எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கணினிக்குக் கீழே கரண்ட் போனால் தாங்கும் பெட்டியொன்று இருந்தது; அதன் பற்றறி எப்போதோ செத்துவிட்டது. கோபப்படுவதற்கு ஆளே விழித்திருக்கவில்லை.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள்.

"நான் எழும்பினனானே?" என்றான் சிவரூபன்.

"எழும்பி வந்து மெயினை இறக்கிப்போட்டுப் போனீங்கள்."

"கண்ணைத் திறந்தனானே?"

"இல்லை."

"அப்ப அது நானில்லை," என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து, "திரும்பப் போடலாம்தானே? பென் பத்திரமாக் கிடக்கெல்லோ?" என்றான்.

"கிடக்கு. நாளைக்குப் போடுவன்."

வெள்ளிக்கிழமை போட்டாள். வானம் வெளித்திருந்தது. கோடு ஒரு தடங்கலுமின்றிக் கடைசிவரை வந்தது. கடைசிப் படியில், தரவுத்தளத்தைத் தொடக்குகிறோம் என்று காட்டிய இடத்தில், நின்றுகொண்டது. சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, பெருக்கல் குறிபோல ஒரு சிவப்புப் புள்ளடி விழுந்தது. தொடக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

குறை ஏதும் இருக்கும் என்று, போட்டதை முறைப்படி கழற்றினாள். கழற்றும்போது அது ஒரு கேள்வி கேட்டது. தரவுகள் இருக்கும் கோப்புறையையும் சேர்த்து அழிக்கவா? வேண்டாம் என்பதில் அமத்தினாள். திரும்பப் போட்டாள். கோடு வந்தது, சக்கரம் சுற்றியது, புள்ளடி விழுந்தது. சயந்தனுக்குச் செய்தி அனுப்பினாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னான். அணைத்தாள், போட்டாள், கழற்றினாள். அழிக்கவா? வேண்டாம். போட்டாள். புள்ளடி.

சனிக்கிழமையும் அப்படியே போனது. பச்சை வெளிச்சத்துக்குள் இருந்து அதே பாதையில் போய்ப் போய் அதே சுவரில் முட்டினாள். ஒரு கட்டத்தில் கை தானாகவே செய்தது. அவள் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அச்சுவேலிக்காரியை நினைத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் கொடுக்கவும் முயன்றாள்; கண்ணாடி போட்ட, கெட்டிக்காரியான ஒரு முகம். அவளுடைய கணினி ஒரே தரத்தில் ஓடியிருக்கும். அவளுடைய வீட்டில் ஒருவரும் நித்திரையில் நடக்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று அமத்தியதை அவள் ஒரு முடிவாகவே நினைக்கவில்லை. காலில் முள் குத்தினால் தூக்குவதுபோலத்தான் அது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவளுக்குப் பத்து வயது. ரெண்டு நாளிலை வந்திடலாம் என்று தகப்பன் சொன்னார். அதனால் கோயிலுக்குப் போவதுபோல வெளிக்கிட்டார்கள். இராணுவம் காணியைத் திரும்ப விட்டது இருபத்தேழு வருடம் கழித்து. இடையில், விட்டுவந்த பெரிய பொருட்களைப் பற்றி ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. வீடு, வள்ளம், கிணறு என்பவை கதைக்கும் அளவைத் தாண்டியவை. சின்னச் சாமான்கள்தான் வந்து வந்து இடறின. முதல் நாள் காலையே தேங்காய் துருவத் திருவலை இல்லை. யாரோ தந்த தேங்காயை உடைத்து இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு தாய் முகாம் முற்றத்தில் நின்றாள். பிறகு கத்தரிக்கோல். பிறகு நகம்வெட்டி. ஒரு நாள், ஜெயகௌரிக்குத் தான் பள்ளிக்கூடத்தில் கீறிய பாய்வள்ளம் வேண்டுமென்று அழுகை வந்தது. பகல் வானத்தில் நட்சத்திரம் போட்டு வாத்தியாரிடம் பேச்சு வாங்கிய படம். எதை விட்டுவந்தோம் என்பது தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து அவள் எதையும் எறிவதில்லை. ஒவ்வொரு கொட்டிலிலும், பிறகு ஒவ்வொரு வாடகை வீட்டிலும், கூரைத்தடியில் சொப்பிங் பைகள் தொங்கின. தேய்ந்த செருப்பு, போத்தல் மூடி, யாருக்குமே பொருந்தாத பொத்தான்கள். சுன்னாகத்துக் கடையிலும் அப்படித்தான். யாரோ முன்பின் தெரியாதவர்களின் விண்ணப்பங்களைக்கூட அழிக்காமல் பிரதி எடுத்து வைத்திருந்தாள். உன்ரை சீதனம் முழுக்கச் சொப்பிங் பையள்தான் என்று சிவரூபன் கலியாணம் கட்டிய காலத்திலிருந்து சொல்லிவருகிறான்.

சனிக்கிழமை பின்னேரம் அவன் கடலுக்கு வெளிக்கிடும்போது அவள் இன்னும் திரைக்கு முன்னால் இருந்தாள்.

"இன்னும் வரேல்லையோ?"

"வருது. கடைசியிலை நிண்டிடுது."

"எஞ்சின் ஸ்ராட் வராட்டி பிளக்கைக் கழட்டித் துடைக்கிறனான். உதிலை துடைக்கிறதுக்கு ஒண்டுமில்லையோ?"

"இதுக்கு என்ன கோதாரி எண்டு தெரியேல்லையப்பா. எல்லாம் கழட்டித்தான் போடுறன். ஏதோ கிடந்து தடுக்குது."

சிவரூபன் வாசலில் நின்று யோசித்தான். "எங்கடை காணியிலை கிடந்த கொங்கிறீற் மாதிரியோ?"

ஊருக்குத் திரும்பி வந்தபோது அவர்களுடைய காணியில் யாரோ போட்டுவிட்டுப் போன பெரிய சீமெந்துத் தளமொன்று கிடந்தது. எதற்குப் போட்டதென்று ஒருவருக்கும் தெரியாது. அதற்கு மேலே வீட்டைக் கட்ட ஏலாது, இடிக்கத்தான் வேண்டும் என்று மேசன் சொன்னார்.

"அதைத்தான் இடிச்சமே," என்றாள்.

"அரைவாசிதான் இடிச்சம். மிச்சத்தை நீ இடிக்க விடேல்லை. கருவாடு காயப்போட உதவும் எண்டு நிண்டனி."

"உதவுதுதானே."

"உதவுது," என்றான். "குசினியைத்தான் கோணலாக் கட்டவேண்டி வந்தது." சிரித்துக்கொண்டே மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு படலையைச் சாத்தினான்.

ஞாயிறு காலை அவன் படுத்த பிறகு அவள் சயந்தனுக்கு அழைப்பெடுத்தாள். அவன் பதில் சொல்லும் முன்பே ஒலிபெருக்கிப் பாட்டு போனுக்குள்ளால் வந்து வீட்டுக்குள் விழுந்தது. அவள் போனை மார்போடு அமத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

"அன்ரி, நான் மானிப்பாயிலை ஒரு சாமத்தியவீட்டிலை நிக்கிறன். பெலத்துக் கதையுங்கோ."

"பெலத்துக் கதைக்க ஏலாது தம்பி. இவர் படுத்திருக்கிறார்."

"இப்ப பத்து மணியெல்லோ. சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறார். கடலாலை வந்து படுத்தவர். தம்பி, இது இன்னும் ஓடேல்லை. நாளைக்குக் காலமை மிஸ் தொடுத்துப் பாப்பா."

அவன் பாட்டை விட்டு எட்டத்தில் போனான்போல. சத்தம் கொஞ்சம் தணிந்தது. எழுதியிருக்கிற எறரை வாசிக்கச் சொன்னான். அவள் வீட்டுக்குள் ஓடி, ஒரு வரியை மனப்பாடம் செய்து, கிணற்றடிக்கு ஓடிவந்து ஒப்புவித்தாள். அடுத்த வரியைக் கேட்டான். மறுபடியும் ஓடினாள். மதிலுக்கு மேலால் மரக்கறிக்காரன் கையைக் காட்டினான். இன்றைக்கு வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டியதை அவன் எதற்கோ ஓம் என்று எடுத்துக்கொண்டு ஒரு பூசணிக்கீற்றை மதிலில் வைத்துவிட்டுப் போனான்.

"அன்ரி, கழட்டேக்கை ஒரு கேள்வி கேட்டிருக்குமே. டேற்றா ஃபோல்டரையும் அழிக்கவோ எண்டு."

"ஓம். ஒவ்வொரு தரமும் கேட்டது."

"என்ன குடுத்தனீங்கள்?"

"வேண்டாம் எண்டு."

"ஒவ்வொரு தரமுமோ?"

"ஓம்."

"ஏன் அன்ரி?"

"அழிக்கவா எண்டு கேட்டால் ஆர் தம்பி ஓம் எண்டு சொல்லுவினம்?"

ஒலிபெருக்கியில் யாரோ மாமன்மாரை மேடைக்கு வரும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் சொல்லுவினம் அன்ரி. நான் யோசிக்காமல் சொல்லுவன்."

"உங்கடை வயசுக்குச் சொல்லலாம். அதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை. கரண்ட் போற வரைக்கும் கட்டின அரைகுறை. புதுசு வந்து பாக்குது, ஓ, இஞ்சை ஏற்கெனவே வீடு கிடக்கு எண்டு நினைச்சு அதுக்குள்ளை குடி இருக்கப் போகுது. போய்ப் பாத்தால் கூரையுமில்லை, கதவுமில்லை. எப்பிடி இருக்கிறது? அதுதான் விழுந்துபோகுது. நீங்கள் அந்த அரைகுறையைப் பத்திரமா வைச்சு வைச்சுக் குடுத்திருக்கிறியள்."

ஜெயகௌரி கிணற்றுக்கட்டில் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முகம் சூடானது.

அந்தக் கோப்புறை மறைவாக இருக்கும், சும்மா தேடினால் தெரியாது என்று சொல்லி, மறைந்தவற்றைக் காட்டும் வழியைச் சயந்தன் சொல்லிக்கொடுத்தான். பந்திக்குக் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டு எடுக்கிறேன் என்றான்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ," என்றாள்.

உள்ளே வந்து, அவன் சொன்ன இடத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சரி போட்டாள். உடனே, இவ்வளவு நாளும் வெறுமையாக இருந்த இடங்களில் கோப்புறைகள் தோன்றின. மற்றவைபோல அழுத்தமான மஞ்சளில் இல்லை. மங்கலாக, பாதி கரைந்த நிறத்தில். காலை வெயிலில் தெளிந்த கடலுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கும் கல்லும் பாசியும் எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தன. மகளின் கணினிக்குள் இத்தனை அறைகள் இருந்தது அவளுக்குத் தெரியாது. ஒன்றைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று. கொஞ்ச நேரம் எதற்காக வந்தோம் என்பதை மறந்து அவள் அதற்குள் நடந்தாள். சிவரூபனின் மூச்சு உள்ளறையில் ஏறி இறங்கியது. அந்த மூச்சோடு சேர்ந்து திரைச்சீலை உள்ளே வந்து வெளியே போவதுபோல் இருந்தது.

தேடியது அங்கே இருந்தது. வியாழக்கிழமைத் திகதியோடு. திறந்து பார்த்தாள். பெயர் விளங்காத சில கோப்புகள். அவற்றில் பாதியின் அளவு பூச்சியம்.

ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே, முதலில் அதைப் பென்னில் பிரதி எடுத்தாள். எடுத்த பிறகுதான் அழிக்கப் போனாள்.

அழியவில்லை. வேறேதோ ஒன்று இதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று திரை சொன்னது.

பிடித்து வைத்திருப்பது யாரென்று தேடினாள். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று வேலை செய்யும் சேவைகளின் பட்டியல் ஒன்றைச் சுன்னாகத்துக் கடையில் ஒருமுறை பார்த்த ஞாபகம். அதைத் திறந்து கீழே கீழே இறங்கினாள். தரவுத்தளத்தின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அதன் நிலை: தொடங்கிக்கொண்டிருக்கிறது. கடைசியாகப் போட்ட நேரத்திலிருந்து, ஓடவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், அது தொடங்கிக்கொண்டே இருந்தது. கூரையில்லாத அந்த வீட்டுக்குள் நின்று இன்னும் முயன்றுகொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானை அமத்த முடியவில்லை. அது சாம்பல் பூத்துக் கிடந்தது. இனித் தானாகத் தொடங்க வேண்டாம் என்று அதற்குப் போட்டுவிட்டு, கணினியை அணைத்தாள்.

அணைந்த திரையில் அவளுடைய முகமும் பின்னால் பச்சைச் சன்னலும் தெரிந்தன. அந்தப் பெண் கொஞ்சம் களைத்திருந்தாள். பிறகு கணினியைத் திரும்பப் போட, ஒளி வந்து அவளை அழித்தது.

மறைந்த கோப்புறைக்கு மறுபடியும் வழி கண்டுபிடித்துப் போனாள். இந்த முறை ஒன்றும் பிடித்து வைத்திருக்கவில்லை. நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. கை சுட்டெலியின் மேல் இருந்தது. விரல் அசையவில்லை. அதற்குள் இருப்பது பழுது என்பது தெரியும். பிரதி எடுத்தாயிற்று என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அந்த விரல் அவளுடையதல்லாத ஒன்றுபோலக் கிடந்தது. அது பத்து வயதுப் பிள்ளையின் விரலாக இருக்கலாம். அவள் அதற்கு அவகாசம் கொடுத்தாள். அச்சுவேலிப் பெண்ணின் கண்ணாடி போட்ட முகம் வந்து போனது. வெளியே ஒரு காகம் பூசணிக்கீற்றைக் கொத்தியது. அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்த்து, மீண்டும் திரையைப் பார்த்து, ஓம் என்பதில் அமத்தினாள்.

ஒரு சத்தமும் வரவில்லை. மங்கல் கோப்புறைகளில் ஒன்று குறைந்தது. மற்றவை கொஞ்சம் நகர்ந்து இடத்தை மூடிக்கொண்டன.

எழும்பிப் போய்க் காகத்தைக் கலைத்துப் பூசணியை எடுத்து வந்தாள். கழற்றவேண்டியதை முறைப்படி கழற்றினாள். கேள்வி வந்தபோது இந்த முறை ஓம் கொடுத்தாள். பிறகு முதலிலிருந்து போடத் தொடங்கினாள். நீலக்கோடு முளைத்தது.

பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது என்றுதான் கண்ணை மூடினாள். விடியப்புறம் எழும்பிய கண் திறக்க மறுத்தது. கதிரையில் இருந்தபடியே ஒரு வீட்டுக்குள் நடந்தாள். தரை கழுவி ஈரமாக இருந்தது. ஒவ்வொரு அறையாகத் திறந்தாள். எல்லாம் வெறுமை, எல்லாச் சன்னலிலும் கடல். சாமான்கள் எங்கே என்று யாரையும் கேட்கவேண்டும் போலத் தோன்றவில்லை. ஈரத்தில் கால் வைக்க இதமாக இருந்தது. ஓர் அறையில் சிவரூபன் நின்றுகொண்டு, உது நிண்டிட்டுதுபோலை, என்றான்.

"ஜெயா. உது நிண்டிட்டுதுபோலை."

கண்ணைத் திறந்தாள். அவன் சாரத்தோடு அவளுக்குப் பின்னால் நின்றான். இந்த முறை கண்கள் திறந்திருந்தன.

"எது?"

"உந்தக் கோடு. முந்தி ஓடிக்கொண்டிருந்தது. இப்ப கோட்டையே காணேல்லை. நான் ஒண்டிலையும் கை வைக்கேல்லை."

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். கோடு இருந்த இடத்தில் பச்சைச் சரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. கடைசியிலும் பச்சை. சேவைகளின் பட்டியலைத் திறந்து கீழே இறங்கினாள். ஓடிக்கொண்டிருக்கிறது, என்று இருந்தது. மூடித் திரும்பத் திறந்தும் பார்த்தாள்.

"நிக்கேல்லை. ஓடுது," என்றாள்.

சிவரூபன் குனிந்து பார்த்தான். காது கொடுத்துக் கேட்டான். "சத்தத்தைக் காணேல்லையே."

"சத்தம் வராது."

"சத்தம் வராமல் ஓடுற எஞ்சினை நான் நம்ப மாட்டன்," என்று சொல்லிக் கொட்டாவி விட்டான்.

திங்கட்கிழமை அவள் கரையிலிருந்து வழமையைவிடக் கெதியாக வந்து, குளித்து, வெளியே போகும்போது கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தாள். எதற்குச் சேலை என்று அவளுக்கே தெரியாது. சொன்ன நேரத்துக்குத் துஷாந்தினி அழைத்தாள். அனுமதி கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஓம் கொடுத்தாள்.

திரையில் இருந்த அம்பு தானாக நடக்கத் தொடங்கியது. ஜெயகௌரி கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நகரத்திலிருந்து யாரோ வந்து வீட்டுக்குள் கால் வைத்து, மெல்ல ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பதுபோல அம்பு போனது. ஓரிடத்தில் நின்று யோசித்தது. திரும்பி வந்தது. நேற்றுவரை அரைகுறை கிடந்த இடத்துக்குப் போய் உள்ளே பார்த்தது.

"வடிவா இருக்கு அக்கா," என்றது போன். "சயந்தன் கதை கதையாச் சொன்னான். நீங்கள் தனியத்தான் சமாளிச்சனீங்களாம், அவன் பந்தியிலை இருந்தானாம்."

"அவர்தான் வழி சொன்னவர், மிஸ்."

"திரும்பவும் மிஸ். முதலாவது கடையின்ரை விபரம் அனுப்பிறன். இண்டைக்கே தொடங்குவியளோ?"

"ஓம். தொடங்குவன்."

முதல் மருந்தின் பெயரைத் தட்டெழுதினாள். விரல்கள் கொஞ்சம் திக்கின. இரண்டாவதில் ஓடத் தொடங்கின.

பின்வாசலால் சிவரூபன் வந்தான். கையில் கறிக்கு வைத்த இரண்டு விளைமீன், ஈர்க்கில் கோத்தது.

"ஜெயா, இதை ஒருக்கா வெட்டித் தாறியே? பசிக்குது."

"நான் வேலையிலை நிக்கிறன்," என்றாள், திரும்பாமல்.

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். கதிரை, மேசை, சேலை கட்டி இருக்கும் மனைவி. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றான். மீனிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு, அந்நியர் ஒருவரிடம் கேட்பதுபோலக் குரலைத் தணித்து,

"எத்தினை மணிக்கு வீட்டை வருவாய்?" என்றான்.

"ஒரு மணிக்கு."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குப் போனான். கத்தி எங்கே இருக்கிறதென்று அவன் திறந்து திறந்து தேடுவது கேட்டது. இரண்டு சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. அவள் காலாவதித் திகதியைச் சரிபார்த்துவிட்டு அடுத்த வரிக்கு இறங்கினாள்.